பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு காசு?

அம்மா இன்னும் இதைத்தான் கேட்கிறா. கராஜில் நிற்பது ஒரு மொரிஸ் மைனர் பிக்கப். டென்மார்க்கில் புதுக் காருக்குப் பதிவு வரி மேல்தட்டில் 150 வீதம். 35 வயது தாண்டிய வாகனம் அசல் நிலையில் இருந்தால், அந்தக்காலப் புதுவிலையின் 40 வீதத்தை வைத்துத்தான் வரி போடுவார்கள். 'சூன்' பரிசோதனையும் 8 வருடத்துக்கு ஒருமுறைதான். ஆனாலும் காசு மிச்சம் என்று நினைத்து இறங்காதீர்கள். துரு எல்லாவற்றையும் தின்றுவிடும்.

மொரிஸ் காருக்குத் தனிச் சாசி இல்லை, பிக்கப்புக்கு உண்டு. அதனால் மேலே உள்ளதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே வேலை செய்யலாம்.

'செய்து தருகிறோம்' என்று சொல்லும் கடைகளிடம் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஊரைப் பற்றிக் கேட்டால் அப்பா 'ம்' என்பதோடு சரி. காபரேற்றரைக் கழற்றிய அன்றுதான் வாய் திறந்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் மொரிஸையும் ஏ40யையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்களாம். பின்னால் போனவருக்குக் கண் எரியுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதே 90களில் இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வெயர், மொரிஸ் பாகங்களை இலங்கையில்தான் செய்வித்தார். எங்கள் ஊருக்குப் பெற்றோல் போகாத காலம் அது. இதைச் சொன்னதும் அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எங்கட பக்கமோ?"

"இல்லை அப்பா, தெற்கில."

"ம்" என்றார். அடுத்த போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.