பட்டாணிக்கும் பட்டமா?

புதுப் பட்டாணி ரகம் ஒன்றை வீட்டுத் தோட்டத்திலேயே உண்டாக்கலாம் என்று நாம் சொன்னால் இரண்டு கூட்டத்தார் சிரிக்கின்றார்கள். ஒரு கூட்டத்தார், "விதை விஷயம் ஆராய்ச்சிக்காரருக்கும் கம்பெனிக்காரருக்கும் உரியது, நமக்கேன் அந்த வேலை?" என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "விளைவது கைராசி; புதிதாய்ப் படைப்பது ஆண்டவன் செயல்" என்கின்றார்கள். இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், இரண்டும் மனிதனைப் பார்த்து, "உன் புத்தியை உபயோகிக்காதே" என்றுதான் சொல்லுகின்றன.

பட்டாணியின் பிறப்பு இரகசியத்தை வெளியாக்கினவர் யார்? புர்னோ நகரத்து மடத்தில் இருந்த கிரெகர் மெண்டல். அவர் உபாத்தியாயர் பரீட்சையில் தேறாதவர். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 செடிகளை வளர்த்துப் பார்த்தார். அவர் பாதிரிதான், ஆனாலும் பட்டாணிக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, எண்ணினார். உருண்டை விதை ரகத்தையும் சுருங்கிய விதை ரகத்தையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையாகவே வந்தன. அவற்றைத் தாமாகவே காய்க்க விட்டதில் அடுத்த தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இதில் கைராசி எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

1866ல் இது அச்சில் வந்தும் மெத்தப் படித்தவர்கள் 1900 வரையில் லட்சியம் செய்யவில்லை. 1884லேயே மெண்டல் இறந்துபோனார். பட்டம் பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த 34 வருஷமும் பட்டாணி மாத்திரம் தன் கணக்கைத் தப்பவிடவில்லை!

செய்யவேண்டிய வேலைதான் என்ன? பட்டாணிப் பூ விரியுமுன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆதலால் மொக்கு விரிவதற்கு ஓரிரு நாள் முந்தியே இதழைப் பிரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பிறகு வேறு ரகத்துப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, காம்பில் ஒரு நூலைக் கட்டி, தேதியைக் குறித்துவைக்க வேண்டும். இதற்கு மந்திரமும் வேண்டியதில்லை, முகூர்த்தமும் வேண்டியதில்லை.

முதல் தலைமுறையைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து பலவிதமாய் வரும். வேண்டியதைப் பொறுக்கி, வேண்டாததைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, ஆறேழு தலைமுறை இப்படியே செய்துவந்தால் ரகம் நிலைத்துவிடும். பொறுக்கினவை எல்லாம் உயர்ந்ததாகிவிடும் என்று நாம் புளுகவில்லை. பெரும்பாலானவை கறிக்குத்தான் போகும்.

அப்படியானால் ஆராய்ச்சிசாலைகளே வேண்டாமா என்று கேட்கலாம். தாராளமாய் வேண்டும். ஆனால் யந்திரத்தால் அறுவடை செய்கின்றவனுக்கு எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றவேண்டும். வீட்டுக்காரிக்கோ தினம் கொஞ்சமாய்ப் பல நாள் பறிக்கவேண்டும். அவனுக்காகச் செய்த ரகம் இவளுக்கு எப்படிப் பொருந்தும்? தன் தேவையைத் தானே அறிந்தவள் தன் விதையையும் தானே தேடிக்கொள்வதில் என்ன குற்றம்?

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2001ம் வருஷத்திய பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கின்றது. புது ரகம் உண்டாக்கின விவசாயி அதைத் தன் பேரில் பதிவு செய்துகொள்ளவும் இடமிருக்கின்றது. உரிமை காகிதத்தில் இருந்து பயன் என்ன? அதை எடுத்து அனுபவிக்க ஆள் வேண்டாமா?

ஆகவே, உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் நாலடி நிலம் உள்ள தோழர்களையும், முக்கியமாய்ப் பெண்களையும், இரண்டு ரகப் பட்டாணி, ஓர் இடுக்கி, ஒரு நோட்டுப் புத்தகம் இவற்றோடு இந்தப் பருவத்திலேயே ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். யார் சொன்னாலும் நம்பவேண்டாம்; நாம் சொல்லுவதையும் நம்பவேண்டாம். விதைத்து, எண்ணிப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.