மூணு காசு... மூணு தடவை!

ரிசல்ட் வந்த ராத்திரி நீங்க என்ன பண்ணுவீங்க? பொய் சொல்லாதீங்க. பிள்ளையாருக்கு 108 தோப்புக்கரணம் வேண்டிக்கிட்டவங்க, கோயில்ல பூ போட்டுப் பார்த்தவங்க, ரெண்டு விரலை நீட்டி 'ஒண்ணைத் தொடு மச்சி'ன்னு ரூம்மேட்டைப் படுத்தினவங்க, கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் பட்ட இடத்துல வசனம் பார்த்தவங்க... எல்லாரும் இந்தப் பக்கத்தைப் படிச்சிட்டிருக்கீங்கன்னு நல்லாவே தெரியும். நான் இன்னும் ஒரு படி மேல போயிட்டேன். சீன ஸ்டைல்ல காசு போட்டேன்.

பழைய புத்தகக் கடையில எண்பது ரூபாய்க்கு 'ஐ சிங்' இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒண்ணு சிக்கிச்சு. 'மாற்றங்களின் நூல்'னு அர்த்தம். ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல சீனாவுல ராஜாவும் குறி கேட்டிருக்கார், குடியானவரும் கேட்டிருக்கார். நான் கேட்டா தப்பா?

முறை ரொம்ப சிம்பிள். மூணு காசு எடுத்துக்கணும். தலை விழுந்தா 3, பூ விழுந்தா 2. மூணையும் குலுக்கிப் போட்டுக் கூட்டினா 6, 7, 8, 9ல ஏதாவது ஒண்ணு வரும். ஒற்றைப்படைன்னா முழுக்கோடு. இரட்டைப்படைன்னா நடுவுல உடைஞ்ச கோடு. இப்படி ஆறு தடவை போட்டு, கீழே இருந்து மேலே ஆறு கோடு அடுக்கணும். 2 பவர் 6, ஆக மொத்தம் 64 உருவங்கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், ஒரு வாக்கு. 6ம் 9ம் விழுறதுக்கு 1/8 வாய்ப்பு, 7ம் 8ம் விழுறதுக்கு 3/8. காசு வர்றதுக்கு முந்தி 50 செடித்தண்டுகளை வெச்சுப் பார்ப்பாங்களாம். அதுல ஒண்ணை ஓரமா வெச்சிட்டு 49ஐப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணணும். அந்த முறையில 6க்கு 1/16, 9க்கு 3/16னு வாய்ப்பே வேற மாதிரி போகுது.

இவ்வளவு விளக்கமா சொல்றானேன்னு பார்க்கிறீங்களா? நான் அரியர் வெச்சிருக்கிற பேப்பரே ப்ராபபிலிட்டிதான் பாஸ்.

அதான் மேட்டர். அரியர் விழுந்தது வீட்டுக்குத் தெரியாது. பீஸ் கட்ட திங்கள்கிழமை கடைசி நாள். கையில காசில்ல (இருந்த மூணு ஒத்தை ரூபாயும் குறி கேக்கப் போயிடுச்சு). 'அம்மாகிட்ட சொல்லலாமா, வேணாமா?' இதுதான் என் கேள்வி. முதல் தடவை வந்தது ஒரு மாதிரி இழுவையா இருந்தது. சரி, சரியா குலுக்கலைன்னு மறுபடி போட்டேன். அது அதை விட மோசம். அஞ்சாவது தடவை வந்தது 11ஆம் உருவம், 'தாய்'. சீனத்துல அதுக்கு அமைதி, சுபிட்சம்னு பொருள். ஆஹா, சூப்பரப்பு! அப்ப சொல்ல வேணாம், எல்லாம் தானா சரியாயிடும்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டு, சும்மா பக்கத்தைப் புரட்டினேன். 4ஆம் உருவத்துல கண்ணு நின்னுச்சு. எனக்கு அந்த உருவம் விழுந்துச்சுன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும், ஆனா விழலை. சும்மா கண்ணுல பட்டது.

அது பேர் 'மங்'. மலைக்கு அடியில தண்ணி. கீழே இருந்து 0, 1னு எழுதினா 010001. விளையாத பிள்ளையோட அறியாமைன்னு மொழிபெயர்த்திருக்காங்க. அதுல குறிநூலே வாத்தியார் மாதிரி பேசுது. முதல் தடவை கேட்டா பதில் சொல்வேன், அதையே ரெண்டு மூணு தடவை கேட்டா அது தொந்தரவு, தொந்தரவு பண்றவனுக்குச் சொல்ல மாட்டேன்... இதுதான் சாரம். பொடனியில ஒரு போடு போட்ட மாதிரி இருந்துச்சு.

இதே அடியை நான் ஏற்கெனவே வாங்கியிருக்கேன். எங்க சர்ச்சுல டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை தருவாங்க. தட்டுல கவுத்து வெச்சிருப்பாங்க, ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷத்துக்கு அதான் உங்க வசனம். சின்ன வயசுல முதல் அட்டை பிடிக்கலைன்னு நைசா இன்னொண்ணுக்குக் கை நீட்டினேன். பாட்டி பட்டுனு தட்டினாங்க பாருங்க!

இந்த மாதிரி வசனம் எடுக்கிறதுக்கு ஜெர்மனியில பெரிய சரித்திரமே இருக்கு. சாக்சனி பகுதியில ஹெர்ன்ஹூட்னு ஒரு குட்டி ஊர். மொராவியன் சபையோட தாய்வீடு. 1728ல் அங்கே சின்சென்டார்ஃப் பிரபு நாளுக்கு ஒரு வசனம்னு வீடு வீடா சொல்லி அனுப்ப ஆரம்பிச்சார். 1731ல் அது வருஷப் புத்தகமா அச்சாச்சு. இன்னிக்கும் ஒவ்வொரு நாளுக்குமான பழைய ஏற்பாட்டு வசனத்தை அங்கே சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறாங்க. 50க்கும் மேற்பட்ட மொழிகளில் போகுது. அந்தக் காலத்துல இவங்க கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டிருக்காங்கன்னா பார்த்துக்கோங்க. 'வேணாம்'னு சீட்டு வந்தா மாப்பிள்ளை கதி அதோகதி!

'தம்பி, குறி கேக்குறது பாவமாச்சே'ன்னு உங்கள்ல யாராவது கேப்பீங்க. கரெக்ட். உபாகமம் 18ஆம் அதிகாரத்துல அதுக்குக் கண்டிப்பான தடை இருக்கு. நாங்களும் அதைக் கேட்டு வளர்ந்தவங்கதான். அதனாலதான் இந்தப் புக்கை பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். ஆனா அதே பைபிள்ல, யூதாஸ் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது அப்போஸ்தலர்கள் ரெண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுத்தான் போட்டாங்க. மத்தியா பேருக்கு விழுந்துச்சு. அதுக்கப்புறம் பரிசுத்த ஆவி இறங்கின பிறகு, அப்போஸ்தலர் நடபடிகள்ல அவங்க சீட்டுப் போட்டதா எங்கேயும் இல்லை. அதை எப்படி வேணா வாதாடலாம். நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரலை.

இன்னொரு தமாஷ். என் கையில இருந்த ஐ சிங்கோட மூல ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பண்ணினவரே ஒரு மிஷனரி! ரிச்சர்ட் வில்ஹெல்ம். 1899ல் சீனாவோட சிங்டாவ் துறைமுகத்துக்கு ஊழியம் பண்ண வந்தவர். 1911 புரட்சிக்கு அப்புறம் வேலை போன பழைய அரசாங்கத்துப் பண்டிதர்கள் பலபேர் அந்த ஊர்ல தஞ்சம் புகுந்தாங்க. அதுல லாவ் நைசுவான்னு ஒரு பெரியவர். ரெண்டு பேரும் உக்காந்து வேலை செஞ்ச விதம் இருக்கே, அதைச் சொல்லியே ஆகணும். பெரியவர் சீனத்துல விளக்குவார். இவர் குறிப்பெடுத்து ஜெர்மன்ல எழுதுவார். அப்புறம் மூலத்தைப் பார்க்காம, தன் ஜெர்மனை மறுபடி சீனத்துக்கே திருப்பிப் படிச்சுக் காட்டுவார். பெரியவர் தலையாட்டினாத்தான் அடுத்த வரி. நம்ம லேப் ரெக்கார்டை இப்படி எவனாவது எழுதியிருக்கானா? நடுவுல 1914ல் போர் வந்து ஜப்பான் அந்த ஊரைப் பிடிச்சது, வேலை நின்னது, பிறகு தொடர்ந்தது. 1921ல் பெரியவர் இறந்துட்டார். 1924ல்தான் புக்கு வந்தது. நான் ஒரு சீனருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கலைன்னு வில்ஹெல்ம் சந்தோஷமா சொல்லிக்குவாராம். மனோதத்துவ மேதை யுங் எழுதியிருக்கார்.

(எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு ஒரு குறிப்பு: 'பைனரி நம்பரே ஐ சிங்ல இருந்து சுட்டதுதான்'னு யாராவது அளந்தா நம்பாதீங்க. லைப்னிட்ஸ் அதை 1679லேயே யோசிச்சு எழுதி வெச்சிட்டார். பீஜிங்ல இருந்த பூவே என்ற ஜெஸ்யூட் பாதிரியார் அனுப்பின 64 உருவப் படம் அவர் கைக்குக் கிடைச்சது 1703ல். பார்த்ததும் மனுஷன் துள்ளிட்டார், அவ்வளவுதான். அவருக்கு 1ன்னா கடவுள், 0ன்னா சூனியம். நமக்கு 5 வோல்ட், 0 வோல்ட்.)

சரி, என் கதைக்கு வர்றேன். அந்த 4ஆம் உருவம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா, எங்கம்மா பண்றது நேர் எதிர். காலையில அஞ்சு மணிக்கு முழங்கால் போட்டா, கேட்டதையே கேப்பாங்க. நேத்து கேட்டது, முந்தாநேத்து கேட்டது, நான் எட்டாவது படிக்கும்போது கேட்டது. அதுக்கு பைபிள்லயே ஆதாரம் இருக்கு. லூக்கா 18ல ஒரு விதவை. நியாயாதிபதி வீட்டு வாசல்ல நின்னு நச்சரிச்சு நச்சரிச்சே தீர்ப்பு வாங்கிடுவா. அவளைத்தான் ஜெபத்துக்கு உதாரணமா இயேசு சொல்றார். கிதியோனும் என்னை மாதிரி ஆள்தான். ஆட்டுத்தோலைக் களத்துல போட்டு, தோல் மட்டும் நனையட்டும், தரை காயட்டும்னு கேட்டான். அப்படியே ஆச்சு. அடங்கினானா? நாளைக்கு தோல் காயட்டும், தரை நனையட்டும்னு திரும்பக் கேட்டான். அதுவும் நடந்தது. ஒரு திட்டுகூட விழலை.

ஆக, காசுகிட்ட ஒரே தடவைதான் கேக்கணும். சாமிகிட்ட எத்தனை தடவை வேணா கேக்கலாம். முதல்ல எனக்கு ரெண்டாவதுதான் சௌகரியமா தெரிஞ்சது. அப்புறம்தான் உறைச்சது. கெத்செமனே தோட்டத்துல இயேசுவே மூணு தடவை அதே வார்த்தையைச் சொல்லி ஜெபம் பண்ணினார். பாத்திரம் நீங்கலை. பவுல் தன் முள்ளுக்காக மூணு தடவை வேண்டிக்கிட்டார். முள்ளு போகலை. கேட்டுக்கிட்டே இருந்தா பதில் மாறும்னு அங்கேயும் கேரண்டி கிடையாது. மாறினது கேட்ட ஆள்தான். மூணாவது ஜெபம் முடிஞ்சதும் அவர் எழுந்து, பிடிக்க வந்தவங்களை நோக்கித்தான் நடந்தார். நான் அஞ்சு தடவை காசு போட்டு, கடைசியில பாயை விரிச்சுப் படுத்தேன்.

கன்ஃபூசியஸோட சீடர் செங் ட்சுன்னு ஒருத்தர், தினமும் மூணு விஷயத்துல தன்னைத் தானே சோதிச்சுக்குவாராம். அடுத்தவன் வேலையை உண்மையா செஞ்சேனா, நண்பன்கிட்ட நேர்மையா இருந்தேனா, கத்துக்கிட்டதைப் பழகினேனா. ஜெஸ்யூட் சபையை உண்டாக்கின இக்னேஷியஸும், மத்தியானமும் ராத்திரியும் அன்னிய பொழுதைத் திரும்பிப் பாருங்கன்னு பழக்கி விட்டிருக்கார். ரெண்டுலயும் 'நாளைக்கு என்ன நடக்கும்'னு ஒரு கேள்விகூட இல்லை, கவனிச்சீங்களா? நான் காசுகிட்ட கேட்டதெல்லாம் நாளைக்கு. எனக்குப் பயமா இருந்ததென்னவோ இன்னிக்கு சாயங்காலம் அம்மா போன்ல கேட்ட ஒரே ஒரு கேள்வி.

அதனால சனிக்கிழமை ராத்திரி மூணு காசையும் மேஜையில வெச்சிட்டு வராந்தாவுக்குப் போய் போன் போட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில்.

"யம்மா, ஒண்ணு சொல்லணும்."

"அரியரா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "எப்படிம்மா தெரியும்?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கு 'சாப்ட்டியாய்யா'ன்னு நான் ஒரு தடவைதான் கேட்டேன். நீ மூணு தடவை சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொன்ன."

அடுத்த விசில் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

"எந்த பேப்பருய்யா?"

"ப்ராபபிலிட்டி."

"அப்படின்னா?"

"காசைச் சுண்டிவிட்டா தலை விழுமா, பூ விழுமான்னு கணக்குப் போடுறதும்மா."

"இதுக்கா இவ்வளவு காசைக் கட்டிப் படிக்க வைக்கோம்?"