விழுக்காட்டுக்கு அப்பால்: செம்பும் ஜாம்பியாவும்

ஒரே சரக்கை நம்பி வாழும் நாட்டைப் பற்றி எழுதும்போது, ஏற்றுமதியில் அதன் பங்கு எத்தனை விழுக்காடு என்று சொல்வதோடு நம் துறை அறிக்கைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அச்சரக்கோடு வேறு எவையெல்லாம் பிணைந்து கிடக்கின்றன என்பதல்லவா முதல் கேள்வி? 1964இல் விடுதலை பெற்ற ஜாம்பியாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பு தந்தது. இன்று ஏறத்தாழ ஏழு பங்கு. விழுக்காடு இறங்கியது, ஆபத்து இறங்கவில்லை. செம்புக்கு நல்ல விலை கிடைத்த 2012இல் அந்நாடு 75 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி. அந்த 2015இலேயே விலை சரிய, வரி வருவாயும் நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பும் கூடவே சரிந்தன. நீர்மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கமும் வற்றியது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். ஏறத்தாழ பாதியைச் சுரங்கங்களே இழுக்கின்றன. விலையில் போனதை உற்பத்தியில் ஈடுகட்டும் வழியும் அடைபட்டது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தபோது, செம்பு விலை ஏறுமுகத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டை வீழ்த்தியது அன்றைய விலை அல்ல. நல்ல காலத்து வருவாய் நிலைக்கும் என்று நம்பி டாலரில் வாங்கிச் சேர்த்த கடன்.

ஏற்றுமதியைப் பன்முகப்படுத்தினால் போதாதா என்பார்கள். தேவைதான், ஆனால் அது ஒரு தலைமுறை வேலை, கடன் தவணையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. புதிய ஆலைகளுக்கும் பெரும்பாலும் அதே நீர்மின்சாரம்தான். சிலியைப் பாருங்கள்: ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி செம்பு. ஆனாலும் 2001 முதல் நீண்டகால விலையை அடிப்படையாக வைத்துச் செலவைத் திட்டமிட்டது. விலை உயர்ந்தபோது சேமித்ததை 2009 நெருக்கடியில் எடுத்துச் செலவிட்டது. சிலி வசதியான நாடு, பள்ளியும் மருத்துவமனையும் போதாத ஜாம்பியாவிடம் சேமிக்கச் சொல்வது நியாயமா என்ற மறுப்பு வலுவானது. அதை நான் ஏற்கிறேன். சேமிக்க இயலாத நாட்டுக்குக் கடன் ஒப்பந்தமாவது இடம் கொடுக்க வேண்டும். 2024இல் மறுசீரமைத்த பத்திரங்களில் ஒன்று, ஜாம்பியாவின் நிலை மேம்பட்டால் கடன் கொடுத்தவர்களுக்கு விரைவாகவும் கூடுதலாகவும் பணம் கிடைக்க வழிசெய்கிறது. நிலை மோசமானால் தவணை தானாகக் குறைய அதில் இணையான விதி இல்லை. செம்பு விலை சரிந்தாலோ வறட்சி வந்தாலோ தவணை தள்ளிப்போகும் என்ற விதியை, அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் நம் துறையினர்தான் முதலில் வைத்து வாதாட வேண்டும்.