பெயர் தொண்டர், பணி அரசுப்பணி!

நாட்டுப்புற மக்களின் நலம் எவரால் காக்கப்படுகின்றது என வினவின், ஆளுவோர் உடனே கட்டடங்களைச் சுட்டுவர். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு தொடக்க நல நிலையம் என்று கணக்கும் காட்டுவர். கட்டடம் நடந்து வருமா? சூலுற்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுவதும், தடுப்பூசிக்கு நாள் சொல்வதும், இருமிக் குருதி துப்பும் முதியவரை ஆய்வுக்கு அழைத்துச் செல்வதும், நள்ளிரவில் பேறுகால வலி கண்டவளோடு ஊர்தி ஏறுவதும் அவ்வூர்ப் பெண்ணொருத்தியே அன்றோ!

இதனை அறிந்தே நடுவணரசு 2005-இல் ஆயிரம் பேருக்கு ஒருத்தி என்னும் அளவில் 'ஆசா' என்னும் பணியை வகுத்தது. பெயரைப் பாருங்கள்! ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளைப் பொறுக்கி, இந்தியில் 'நம்பிக்கை' எனப் பொருள்படுமாறு கோத்த பெயர் அது. அவளுக்கு நிறைவாகக் கிடைத்ததும் அந்த நம்பிக்கை ஒன்றே. திங்கள் ஊதியம் இல்லை. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் ஊக்கத்தொகைதான். கேட்டால், "நீ பணியாளர் அல்லை, தொண்டர்" என்பது விடை!

மருத்துவரை எவரும் தொண்டர் என்பதில்லை. அவருக்கு மேலுள்ள அலுவலரையும் அவ்வாறு அழைப்பதில்லை. குறைந்த கூலிக்கு உழைப்பவளை மட்டும் தொண்டுள்ளம் படைத்தவள் என்று புகழ்வது ஏன்? இத்தகைய திட்டப் பணியாளரைத் தொழிலாளர் என ஏற்றுக் குறைந்த அளவு ஊதியமேனும் தருக என்று 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. 2022-இல் உலக நல நிறுவனம் ஆசா பணியாளர்க்கு விருது வழங்கிற்று. விருதை உலையிலிட்டு ஆக்க இயலுமோ?

தமிழகமும் இப்பழிக்குத் தப்பவில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்மையிலேயே நல்ல திட்டம். நீரிழிவும் குருதியழுத்தமும் தொடக்கத்தில் வலி காட்டா நோய்கள். நினைவூட்டுவார் இலரேல் உழவுக்கும் கூலிக்கும் செல்வோர் மருந்தை விட்டுவிடுவர். வாயிலுக்கே மருந்து செல்வதால் அக்குறை நீங்குகின்றது. ஆனால் கொண்டு செல்லும் பெண்ணுக்கு இட்ட பெயர் 'தன்னார்வலர்'! நல்ல தமிழ்ச் சொல்தான், மறுப்பில்லை. வடசொல்லை விலக்கியதற்கு மகிழலாம். தமிழ்ச் சொல்லைக் கொண்டே தமிழ்ப் பெண்ணின் கூலியை மறைப்பதற்கு எவ்வாறு மகிழ்வது? குறித்த வேலை, குறித்த வீடுகள், நாள்தோறும் கணக்கு, மேலே கேள்வி கேட்க ஓர் அலுவலர். இத்தனையும் இருக்க, ஆர்வம் மட்டும் தன்னுடையதாம்!

ஊதியம் போதாதபோது இடர்ப்படுவது அவள் குடும்பம் மட்டுமன்று. களையெடுப்புக் காலத்தில் அவளும் வயலுக்குப் போகவே வேண்டும். அன்று தட்டப்படாத கதவுக்குப் பின்னால் ஒரு முதியவரின் குருதியழுத்தம் அளக்கப்படாது போகும். நாட்டுப்புற மருத்துவம் தடுமாறுவதற்கு மக்களின் அறியாமையே கரணியம் என்று மேடையில் முழங்குவோர் இதனை எண்ணியதுண்டா?

கேரளத்தில் ஆசா பெண்கள் 2025 பிப்பிரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். 7,000 உருபா மதிப்பூதியத்தை 21,000 ஆக்குக என்பது அவர்தம் வேண்டுகை. வெயிலிலும் மழையிலும் எட்டுத் திங்களுக்கும் மேலாகத் தெருவில் கிடந்தபின் கிடைத்த உயர்வு 1,000 உருபா.