இறையும் இறைமையும்

‘இறை’ என்னும் தமிழ்ச்சொல் ஆள்வோனையும் குறிக்கும். அவனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். வரி தண்டும் உரிமை எவர் கையிலோ, ஆட்சியும் அவர் கையிலேயே என்பதை அவ்வொரு சொல்லே உணர்த்தும். ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள அயர்லாந்து இதற்கு இற்றைநாட் சான்று.

ஆங்கிலேயர் பிடியினின்று 1922-இல் பிரிந்த அந்நாடு, 1973-இல் ஐரோப்பியப் பொருளியற் கூட்டில் சேர்ந்தது. அக்கூட்டு ஒன்றியமாக வளர்ந்தபோது, பலவற்றையும் பொதுவில் விட்ட அயர்லாந்து வரியை மட்டும் விடவில்லை. ஒன்றியத்தின் வரிச்சட்டம் எதுவும் உறுப்புநாடுகள் அனைத்தும் இசைந்தாலன்றி நிறைவேறாது. சிறுநாடு ஒன்று ‘ஒவ்வேன்’ என்றாலும் நின்றுவிடும். பெருநாடுகட்குப் பரந்த சந்தையுண்டு. கடற்கோடியிலுள்ள சிறுநாட்டுக்கு அஃதில்லை. எனவே தொழில்களை ஈர்க்க அது வரிக்குறைப்பையே கருவியாகக் கொண்டது. 2003 முதல் நிறுவனங்களின் வணிக ஈட்டத்துக்கு 12.5 விழுக்காடே வரி.

இலிசுபன் உடன்படிக்கையை 2008-இல் அயர்லாந்து மக்கள் தள்ளினர். பிறவற்றோடு வரியுரிமைக்கும் ஒன்றியத் தலைவர்கள் உறுதியளித்த பின்னரே, 2009-இல் ஏற்றனர். வைப்பகங்கள் வீழ்ந்து 2010-இல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்கு அந்நாடு உட்பட்டபோது, வரியை உயர்த்துமாறு பிரான்சும் செருமனியும் நெருக்கின. கடன்பட்ட நிலையிலும் அது பணியவில்லை. கடன் கொடுத்தவனே வரியையும் வகுப்பானாயின், அந்நாட்டு மக்களுக்குத் தேர்தல் எதற்கு? அவ்வுறுதி போற்றத்தக்கதே.

ஆயினும், பெருநாடுகளிடம் காட்டிய உறுதியை அயர்லாந்து அரசு பெருநிறுவனத்திடம் காட்டியதா? ஆப்பிள் நிறுவனத்தின் கிளையொன்று 2014-இல் செலுத்திய வரி, அதன் ஈட்டத்தில் 0.005 விழுக்காடே என ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. நூறாயிரம் யூரோவுக்கு ஐந்தே யூரோ! உள்ளூர்ச் சிறுநிறுவனத்துக்கு 12.5, உலகப் பெருநிறுவனத்துக்கு இது. 1,300 கோடி யூரோ வரையில் தண்டுமாறு ஆணையம் 2016-இல் கட்டளையிட்டது. அரசோ, தன் மக்களுக்கு வரவேண்டிய அப்பணம் வேண்டாவென்று வழக்காடியது! 2020-இல் கீழ்மன்றம் அரசின் பக்கம் நின்றது; 2024 செப்டம்பர் 10-இல் ஒன்றிய உயர் நயன்மன்றம் ஆணையத்தின் முடிவையே நிலைநிறுத்தியது.

‘எம் வரியுரிமையில் பிறர் கைவைப்பதா?’ என்பது அரசின் முறையீடு. அதில் உண்மையுண்டு. வரிச்சட்டம் என்னும் தலைவாயிலில் நுழைய இயலாத ஆணையம், வணிகப் போட்டி நெறி என்னும் புழைக்கடை வழியே நுழைந்தது. ஆனால், புழைக்கடையைத் திறந்து வைத்தவர் யார்? 1991-இலும் 2007-இலும் அந்நிறுவனத்துக்கு வரித்துறை வழங்கிய தனி முடிவுகளே அல்லவா?

75 கோடி யூரோவும் அதற்கு மேலும் வரவுடைய பெருநிறுவனங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு என்னும் உலக ஏற்பாட்டுக்கு அயர்லாந்து 2021-இல் இசைந்தது; 2024 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. தானே ஆய்ந்து இசைந்ததால், அஃது இறைமையின் இழப்பன்று, இறைமையின் செயலே.

சிறுநாடுகளின் மறுப்புரிமையைப் பறித்தல் கூடாது. அவ்வுரிமை போயின் கூட்டுறவு பெருநாடுகளின் ஆட்சியாகிவிடும். ஆனால், அதைக் காக்க விழையும் அரசு தன் குடிகளின் வரிப்பொருளை முதலில் காக்கட்டும். தண்ட வேண்டிய இறையைத் தண்டாதவன் இறைமை பேசுதல், வேலியை விற்றுவிட்டு விளைநிலத்துக்கு வழக்காடுவதை ஒக்கும்.