ஓவியக் கல்வியும் கையடக்கக் கணினியும்

சிலப்பதிகாரம் தங்கால் எனக் கூறும் திருத்தங்கல், இன்று சிவகாசி மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். அச்சகங்களும் பட்டாசு ஆலைகளும் சூழ்ந்த இவ்வூரில் நாட்காட்டிப் படம் பார்த்து வளராத குழந்தை இல்லை எனலாம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தூரிகை கொண்டு தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் அச்சேறியே எண்ணற்ற இல்லங்களின் சுவர்களை அடைந்தன.

2024ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கத் தொடங்கியது. இனி ஓவியத்தையும் அக்கருவியிலேயே கற்பித்துவிடலாம் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி ஏற்கத்தக்கதே. சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கையையும், தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களையும் எட்டு வயதுச் சிறுவன் நேரில் சென்று காணுதல் எளிதன்று. அவற்றை வகுப்பறையிலேயே, மிக அணுக்கமாகக் காட்டவல்ல கருவியை வேண்டா என்று விலக்குவது அறியாமையாகும்.

மறு பாதிதான் ஆராயத்தக்கது. திரையில் தோன்றுவது ஒளி. தாளில் படிவது மை. சிவப்பொளியும் பச்சையொளியும் கூடின் மஞ்சள் பிறக்கும். அவ்விரு நிறச் சாயங்களையும் கிண்ணத்தில் குழைத்தாலோ மங்கிய பழுப்பே எஞ்சும். அச்சகத்தார் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கொண்டே எல்லா வண்ணங்களையும் ஆக்குகின்றனர். தந்தை நாள்தோறும் செய்யும் அத்தொழிலின் நுட்பத்தை, மஞ்சளோடு நீலத்தைத் தானே குழைத்துப் பச்சையாவது கண்ட குழந்தை எளிதில் உணரும். விரல் தொட்டவுடன் ஆயத்தமான பச்சையைப் பெறும் குழந்தைக்கு அவ்வியப்பு ஏது?

கையின் பயிற்சியும் அத்தகையதே. வாயிலில் கோலமிடும் சிறுமி, மாவை எத்துணை விடுவது, எங்கே விரலை இறுக்குவது என்பதைப் பலநாள் தவறித் தவறியே கற்கின்றாள். வழுக்கும் கண்ணாடியோ இறுக்கத்தையும் தளர்வையும் விரலுக்குக் கற்பிப்பதில்லை. பிழைத்த கோட்டையும் ஒரு தொடுதலில் மறைத்துவிடுகின்றது.

ஆதலின், காட்டுதற்குக் கணினியும் தீட்டுதற்குத் தாளும் தூரிகையும் என வகுத்துக்கொள்ளுதலே தக்கது. தாளுக்கு இவ்வூரில் பஞ்சமா? அச்சகங்களில் ஓரம் வெட்டி ஒதுக்கும் வெள்ளைத் தாள்களைத் திங்கள்தோறும் அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக்கு அனுப்பினாலே போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு மிதிவண்டிப் பயணமே.