நிற்கத் தெரிந்த பிறகு ஓடட்டும்

1969ஆம் ஆண்டு ஷெவர்லே கேமரோ ஒன்று. நீண்ட மூக்கு, குட்டை வால், அந்தக் காலத்து மடிப்புகள் கொண்ட உடல். பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது 2008 கார்வெட்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த எல்எஸ்3 எஞ்சின். பழைய மசில் காரை இப்படிப் புதிய உறுப்புகளோடு மறுபடி கட்டுவதற்கு அமெரிக்காவில் ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர். பழையபடியே புதுப்பிக்கும் வேலை வேறு. அதில் ஒரு திருகாணிகூட அந்த ஆண்டுக்குரியதாக இருக்க வேண்டும். ரெஸ்டோமாட்டில் தோற்றம் அன்றையது, ஓட்டம் இன்றையது.

இத்தகைய காரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, ‘எத்தனை குதிரைத்திறன்?’ கேட்பதில் தவறில்லை; ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. காரணம் விளங்க, இந்தக் கார்கள் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குள் ஒரு விதி வைத்திருந்தது. அதன் பாண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் அந்த விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 389 கன அங்குல, அதாவது சுமார் 6.4 லிட்டர் எஞ்சினை, விரும்புவோர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். அதுதான் 1964இன் ஜிடிஓ. நடுத்தர உடல், பெரிய எஞ்சின், இளைஞர்களுக்குக் கட்டுபடியாகும் விலை என்ற மசில் கார் சூத்திரம் அதிலிருந்து வேகம் பிடித்தது. பணம் எஞ்சினுக்குப் போனது. பிரேக் பெரும்பாலும் சாதாரணக் குடும்பக் காருடையதாகவே நின்றது. 1970இன் தூய காற்றுச் சட்டமும், ஏறிய காப்பீட்டுக் கட்டணமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

குதிரைத்திறன் கணக்கில் உள்ள ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 1969 கேமரோவில் கிடைத்த 396 கன அங்குல எஞ்சின்களில் ஒன்றுக்கு 375 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தார்கள். எல்எஸ்3க்கு 430. வித்தியாசம் 55தான் என்று தோன்றும். ஆனால் அன்றைய எண், காற்று வடிகட்டியும் காரின் சைலன்சரும் இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் ஓட்டி எடுத்தது. காரில் பூட்டிய நிலையை ஒட்டி அளக்கும் முறை 1972இல்தான் வழக்கத்துக்கு வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது. அந்த ஆண்டு கார்வெட்டின் அடிப்படை எஞ்சினுக்குப் பழைய கணக்கில் 270, புதிய கணக்கில் 210. ஆக, எல்எஸ்3 ஏறும்போது அந்தப் பழைய உடல் மீது விழும் கூடுதல் சுமை, காகிதத்தில் தெரிவதைவிட மிக அதிகம்.

அந்தச் சுமையை முதலில் உணர்வது பிரேக். அடிப்படை கேமரோவுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்பக்க டிஸ்க் கூடுதல் காசுக்கு. டிரம் சூடானால் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையின் பிடிப்பும் குறைகிறது. ஓட்டுபவரின் கால் மேலும் மேலும் கீழே போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் நன்றாகப் பிடித்த பிரேக் 120இல் கைவிடுவது இதனால்தான். திறந்தவெளியில் காற்று பட்டு ஆறும் டிஸ்க் இந்தச் சூட்டைத் தாங்கும்.

ஓட்டத்தைவிட நிறுத்தம் முக்கியம் என்பது தேர் இழுத்தவர்களுக்குப் புதிய பாடம் அல்ல. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் தேரைக் காப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. தேரின் அழகு அதனால் குறையவில்லை. வீதி திரும்பும்போது பயம்தான் குறைந்தது.

அடுத்தது உடல். கேமரோவின் முன்பகுதிக்கு மட்டும் இரும்புச் சட்டம் உண்டு. நடுவே அது உடலோடு போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. பின்பகுதியைத் தாங்குவது தகட்டு உடல். எஞ்சின் முறுக்கினால் உடலும் முறுகும். முன்சட்டத்தையும் பின்பகுதியையும் இணைக்கும் இரும்புத் தண்டுகளை அடியில் பொருத்துவது அதற்காகத்தான். பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் 1967 மாடலில் ஒற்றைத் தகடு. வேகமாகக் கிளம்பினால் அச்சு துள்ளியது. 1968இல் ஷெவர்லே ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் மாற்றி வைத்துத் துள்ளலைக் குறைத்தது. தொழிற்சாலையே திருத்திக்கொண்டிருந்த காரைத் திருத்துவது துரோகம் ஆகாது.

எரிபொருளிலும் இதே கதை. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஆறேழு பவுண்டு அழுத்தம் போதும். எல்எஸ்3க்கு 58 பவுண்டு வேண்டும். பம்பு, குழாய், பல நேரங்களில் டாங்கும் மாற வேண்டும். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் என்று சங்கிலி நீள்கிறது. எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டு இவற்றைப் பிறகு பார்க்கலாம் என்பவர் பணத்தை மிச்சப்படுத்தவில்லை, ஆபத்தைத் தள்ளிப்போடுகிறார்.

பாரம்பரியம் கெடுகிறதே என்ற கவலைக்கும் மதிப்புண்டு. 1969இல் முழு அலுமினிய 427 கன அங்குல எஞ்சினோடு வந்த இசட்எல்1 கேமரோக்கள் 69 மட்டுமே. அப்படி ஒன்றில் வெல்டிங் தீப்பொறி விழக்கூடாது. ஆனால் அந்த ஆண்டில் மட்டும் கேமரோக்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. எஞ்சின் எப்போதோ தொலைந்து, துருப்பிடித்துக் கிடக்கும் ஒன்றை மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது இழப்பு அல்ல, மீட்பு. வெட்டாமல் போல்ட்டால் பூட்ட முடிந்ததைப் பூட்டுங்கள், கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த உரிமையாளருக்கும் அந்தக் காரில் பங்கு உண்டு.

இரண்டு உண்மைகளை மறைக்கக் கூடாது. எத்தனை மேம்படுத்தினாலும் விபத்தில் தாங்க வேண்டியது 1969இன் கூடுதான், ஏர்பேக் இல்லை. புகை விஷயத்தில், கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கேட்க ஆளில்லை என்பதற்காக, புதிய எஞ்சினுக்குரிய, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் கழற்றி எறிவது சரியல்ல.

ஆகவே இந்த வேலையில் இறங்குபவருக்கு ஒரு யோசனை. பிரேக், டயர், ஸ்டியரிங், ஸ்பிரிங் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் அதை வைத்தே ஓராண்டு ஓட்டுங்கள். மழையில் வளைவு எப்படி இருக்கிறது, மலை இறக்கத்தில் பெடல் எவ்வளவு கீழே போகிறது என்று உங்கள் காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த எஞ்சின் என்று முடிவு செய்யுங்கள். சிலருக்கு அப்போது, பழைய எஞ்சினே போதும் என்றுகூடத் தோன்றும்.